செங்கேணிக்கு நாற்பத்திரண்டு வாசல்

செம்மேட்டுக்குப்பத்தில் நாற்பத்திரண்டு பொம்பளைகள் ஒரே ஆளாக ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மேல், பன்னிரண்டு மணிக்குள், அதாவது அசல் ராகு காலத்தில். அதுவும் கோயிலில் இல்லை, குளத்தில் இல்லை, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற கேஸ் ஏஜென்சியில், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசான ஒரு மிஷினுக்கு முன்னால்.

அந்த ஏஜென்சியில் நோட்டு எழுதுகிறவள் பேர் விருத்தாம்பாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், கல்யாணமாகி மூன்றாம் வருஷமே புருஷனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி கொளஞ்சியப்பன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து ஒதுங்கினவள், மற்ற பொம்பளைகளைப் போலவே முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள், பதினோரு வருஷத்துக்கு முன்னால் எழுத்து அழகாயிருக்கிறது என்று இந்த வேலைக்கு வந்தவள். வாடிக்கையாளர் பேர், கதவு நம்பர், போன் நம்பர் என்று கம்பெனிக்கு வேண்டியதை வரிசையாய் எழுதிவிட்டு, பக்கத்தில் சிலிண்டர் போடுகிற முனியப்பனுக்காக வேறு சிலதையும் எழுதிவைப்பாள்: 'கைப்பிள்ளை தூங்கும், உருட்டாதே, தூக்கி வை.' 'கிழவிக்குக் காது கேக்காது, ஜன்னலில் கையை ஆட்டு.' 'இந்த வீட்டில் நாய் குரைக்கும், கடிக்காது; மாமியார் குரைக்கமாட்டாள், பார்த்துப் போ.' ஊரில் முன்னூறு வீடு, ஓடையைத் தாண்டினால் காலனியில் நூறு வீடு, எல்லா வீட்டுப் படியையும் மிதித்துத்தான் எழுதினாள். போய்ப் பார்க்காமல் ஒரு எழுத்து எழுதினதில்லை. அதனால் ஊரும் சரி, காலனியும் சரி, அவளை நோட்டம்மா என்றே கூப்பிட்டது.

அப்படியிருக்கிற நாளில்தான் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் நோட்டு கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். வாடிக்கையாளர் ஒவ்வொருத்தரும் நேரில் வந்து கட்டைவிரல் வைத்துப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும், ஒரு ஆளுக்கு ஒரு இணைப்பு, புதுப்பிக்காதவர்களுக்கு மாசக் கடைசியில் இணைப்பு கட். ஓனர் தேவநாதன் மிஷினுக்குச் சந்தனம் வைத்துக் கதம்பம் சுற்றி, ஒன்பது மணி நல்ல நேரத்துக்கு ஆரம்பிக்கலாம் என்று கற்பூரம் ஏற்றினார். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறபோதே கரண்டு போய்விட்டது. போன கரண்டு வந்தபோது மணி பத்தரை.

வாசலில் முதல் ஆளாய் நின்றது கொளஞ்சியப்பன் பெண்டாட்டி அஞ்சலாட்சி. அவளுக்குப் பின்னால் ஊர்த் தெருப் பொம்பளைகள். அதற்கும் பின்னால், வழக்கப்படி, நாலு முழம் இடைவெளி விட்டுக் காலனிப் பொம்பளைகள்.

"வா அஞ்சலாட்சி, வெரல வை" என்றாள் விருத்தாம்பாள்.

"ஐயோ அண்ணி, ராவு காலம் பொறந்துட்டுது. அடுப்பு சமாச்சாரம். பன்னெண்டுக்கு மேல வெக்கிறன்."

அடுத்தவளும் அதையே சொன்னாள், அதற்கடுத்தவளும். இருபத்தைந்து ஊர்ப் பொம்பளைகளும் சுவரோரமாய்ச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மிஷின் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. அப்போதுதான் காலனி வரிசையிலிருந்து செங்கேணி முன்னால் வந்தாள். ஐம்பத்தெட்டு வயசு, வெற்றிலை வாய், ஆம்பளைக் குரல்.

"நா வெக்கலாமா நோட்டம்மா? எனக்கெல்லாம் எந்தக் காலம் நல்ல காலமா இருந்துது, ராவு காலத்தப் பாத்து ஒதுங்க?"

வைத்தாள். மிஷின் ஒரு சின்னச் சத்தம் கொடுத்து 'புதியவர், பதிவு செய்யப்பட்டது' என்றது. அவளுக்குப் பின்னால் காலனிக்காரியே இன்னொருத்தி வைத்தாள். 'ஏற்கெனவே உள்ளவர்: செங்கேணி' என்றது. துடைத்துவிட்டு வைத்தாள், 'செங்கேணி.' பன்னிரண்டு அடித்து நல்ல நேரம் வந்து, அஞ்சலாட்சி மஞ்சள் பூசின விரலை மூக்குத்தி மினுங்க நீட்டி வைத்தாள், 'ஏற்கெனவே உள்ளவர்: செங்கேணி.' அன்றைக்குப் பொழுது சாய்கிறதுக்குள் மாவு மில்காரர், டீச்சரம்மா, பால்காரர் எல்லாரையும் அவரவர் பேரில் ஏற்றுக்கொண்ட அந்த மிஷின், கொட்டை உடைக்கிற நாற்பத்திரண்டு பொம்பளைகளை மட்டும், ஊரில் இருபத்தைந்து காலனியில் பதினேழு, ஒருத்தி விடாமல் செங்கேணி என்றே சொல்லிற்று.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கிற எண்ணெய் சும்மா விடாது, தோலைக் கருக்கி உரித்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் பத்து வருஷத்தில் கட்டைவிரல் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். வழுவழுப்புக்கும் வழுவழுப்புக்கும் வித்தியாசம் மிஷினுக்கு என்ன தெரியும்? விருத்தாம்பாள் கடைசியாய்த் தன் விரலை வைத்துப் பார்த்தாள். வேலையை விட்டு வருஷம் பதினொன்று ஆகிவிட்டதால் ரேகை திரும்ப முளைத்திருந்தது. 'புதியவர்' என்றது மிஷின். அவளுக்கு என்னவோ கூட்டத்தில் தன்னை மட்டும் பஸ்ஸில் ஏற்றாமல் விட்டுப்போன மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் செங்கேணி பழைய சோற்றுக்கு ஒரு பச்சைமிளகாயைக் கடித்தாள். அது ஊசிமிளகாய். ஓடைக்கு இந்தப் பக்கம் கீரை கடைந்துகொண்டிருந்த அஞ்சலாட்சி "ஆத்தாடி காரம்!" என்று மத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பானைக்கு ஓடினாள், கிழக்குத் தெருவில் தலை வாரிக்கொண்டிருந்தவள் உஸ் உஸ் என்றாள், நாற்பத்திரண்டு வீட்டிலும் கண்ணில் நீர் முட்டியது. மறுநாள் காலையில் இன்னாடி நேத்து என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டு, சரி, மிஷின் சொன்னது நிஜம்தான் போல என்று கொட்டை உடைக்கப் போய்விட்டார்கள். வேலை கிடந்தது.

அதற்கப்புறம் ஒருத்திக்கு நடந்தது எல்லாருக்கும் நடந்தது. செங்கேணிக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது நாற்பத்திரண்டு கன்னம் வீங்கியது. முடிவில் பண்ருட்டிக்குப் போய் அவள் ஒருத்தி பல்லைப் பிடுங்கிக்கொண்டாள், எல்லாருக்கும் வலி தீர்ந்தது. கைக்குழந்தைக்காரி ராப்பூரா விழித்திருந்தால் மற்றவர்கள் அவளுக்காகக் கொஞ்சம் கொஞ்சம் தூங்கினார்கள், அவள் காலையில் தெளிவாய் எழுந்தாள். மாமியார் பேசினதை மருமகள் யாரிடமும் போய்ச் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

டீக்கடையில் ஆம்பளைகளுக்கு இதே பேச்சு.

"அப்பன்னா கணக்குப்படி நம்ம எல்லாருக்கும் ஒரே பொண்டாட்டியாடா?"

"ஒனக்கு வேணா இருக்கும். எம் பொண்டாட்டிக்கு ஒம் மூஞ்சியப் புடிக்காது."

"அது எப்படி புடிக்காமப் போவும், எம் பொண்டாட்டிக்குப் புடிச்சிருக்கே?"

"அவளுக்கும் புடிக்காதுதான். வேற வழியில்லன்னு இருக்கிறா."

சிரித்தார்கள். கிழக்குத் தெருவில் ஒருத்தன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைகிற வரைக்கும் சிரித்தார்கள். அவன் அறைந்த மறு நொடியில் நாற்பத்திரண்டு கன்னத்தில் ஐந்து விரல் பதிந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, நாற்பத்தோரு பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, ஊர்க்காரியும் காலனிக்காரியும் ஒரே எட்டாய் எடுத்து வைத்து அவன் வாசலில் போய் நின்றார்கள். ஒன்றும் செய்யவில்லை. பார்த்தார்கள். அவன் அன்றைக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தினவன் மூன்று நாள் வெளியே வரவில்லை, அதற்கப்புறம் செம்மேட்டுக்குப்பத்தில் எவனும் பெண்டாட்டி மேல் கை ஓங்கவில்லை.

ஆனால் ஆம்பளைகளுக்கு உறுத்தினது இது இல்லை. உறுத்தினது வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கேணி வீட்டில் மாட்டுக்கறி. அவள் பாட்டுக்கு மிளகை நுணுக்கிப் போட்டு, ரசித்துத் தின்றாள். ஊரில் இருபத்தைந்து நாக்கில் ருசி இறங்கியது. அஞ்சலாட்சி கிணற்றடிக்கு ஓடி ஏழு தடவை வாய் கொப்பளித்து, சாம்பலைப் போட்டு நாக்கைத் தேய்த்து, "கருமம், கருமம், எங் குடி கெட்டுதே" என்று அழுதாள். அவளோடு ஊர்ப் பொம்பளைகள் எல்லாரும் அழுதார்கள், அந்த அழுகை ஓடையைத் தாண்டி வந்து செங்கேணி நெஞ்சில் விழுந்து, அவளுக்கும் காரணம் தெரியாமல் கண்ணீர் வந்தது. காரணம் தெரிந்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த உட்கார்வு, பசியோடும் அவமானத்தோடும் ஐம்பத்தெட்டு வருஷமாய் அவள் உட்கார்ந்த அத்தனை உட்கார்வுகளோடும் சேர்ந்து, திரும்ப அஞ்சலாட்சிக்கு வந்து சேர்ந்தது. அஞ்சலாட்சி கொப்பளிப்பதை நிறுத்தினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டை உடைக்கிற கொட்டகையில் செங்கேணி பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், "மொளவு மட்டுந்தான் போட்டியா, சோம்பும் போட்டியா?" என்று கேட்டாள்.

"சோம்பா? எங்கியாச்சும் சோம்பு போடுவாங்களாடி அதுக்கு?" என்றாள் செங்கேணி. அத்தனை வருஷத்தில் அவள் ஒரு ஊர்க்காரியை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. யாருக்கும் உறைக்கவில்லை, தன்னைத்தானே 'டி' போட்டுக்கொண்டால் யாருக்கு உறைக்கும்?

திரௌபதையம்மன் கோயிலில் காலனிக்காரர்கள் கொடிமரத்துக்கு வெளியேதான் நிற்கவேண்டும். வெள்ளிக்கிழமை அஞ்சலாட்சி கருவறையைச் சுற்றி வந்தாள், ஈரக் கல்லின் குளிர்ச்சி ஓடைக்கு அந்தப் பக்கம் பதினேழு ஜோடி உள்ளங்காலில் ஏறியது, தீர்த்தம் பதினேழு தொண்டையில் இறங்கியது. பூசாரி இதை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், ஒன்றும் தெரியாதவர் போல, மணியை ஓடைக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரிக் கொஞ்சம் பலமாய் அடிக்க ஆரம்பித்தார்.

விருத்தாம்பாள் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அவர்கள் சிரித்தால் இவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அவர்களுக்கு நொந்தால் இவளுக்கு நோகவில்லை. தம்பி வீட்டுத் தாழ்வாரத்தில் தன் கட்டைவிரல் ரேகையைத் தானே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அத்தனை வரியும் அவளுக்கு மட்டும் சொந்தம். என்ன செய்ய அதை வைத்துக்கொண்டு?

மாசக் கடைசிக்குப் பத்து நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து அடுத்த கடுதாசி வந்தது. முதலில் பதிந்தவரே அசல், மற்ற நாற்பத்தொன்றும் நகல், நகல்களின் இணைப்பு ரத்தாகும். இவர்கள் வெவ்வேறு ஆள்தான் என்று ஏஜென்சியின் பதிவாளர், அதாவது விருத்தாம்பாள், நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மட்டும் அந்தப் பதிவு நிற்கும்.

கடுதாசியைப் படித்துக் காட்டியதும் ஊர் ஆம்பளைகளுக்கு அடுப்பு போனதை விட அந்த ஒரு வார்த்தைதான் குத்தியது. "எம் பொண்டாட்டி நகலா? அதுவும் காலனி செங்கேணிக்கு நகலா?" என்று கொளஞ்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஏஜென்சிக்கு வந்தான். தேவநாதன் எல்லாரையும் உட்காரவைத்து டீ சொல்லிவிட்டு, விருத்தாம்பாளை உள்ளே கூப்பிட்டார்.

"நோட்டம்மா, சிம்பிளா முடிச்சிடலாம். ஊர்க்காரவுங்க இருவத்தஞ்சு பேருக்கும் 'தனி ஆள், நேரில் பார்த்தேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

"காலனிக்கு?"

"'ஆள் இல்லை'ன்னு போடுங்க."

"ஆளு இருக்குதே. பதினேழு பேர்."

"எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டா கம்பெனிக்காரன் நம்பமாட்டாம்மா. ஏஜென்சிய வந்து நோண்டுவான். கொஞ்சத்த வெட்டினாத்தான் மிச்சத்த நம்புவான். அதுங்களுக்கு வெறகு பொறுக்கத் தெரியும், நம்ம பொம்பளைங்களுக்கு மறந்துபோச்சி."

"செங்கேணிதான் மொதப் பதிவு. அத எங்க கொண்டுபோயி வெட்டுறது?"

"நேரத்த மாத்திடுங்க. அஞ்சலாட்சி பத்து மணிக்கு வெச்சான்னு போடுங்க. ராவு காலத்துக்கு முன்னாடியே முடிஞ்சிட்டாப்பல."

வெளியே வந்ததும் தம்பி வழியை மறித்தான். "அக்கா, ஒனக்கு நா எதுவும் கொறை வெச்சதில்ல. தாவாரத்துல படுக்குற, எங் கையால திங்கிற. இந்த ஒரு கையெழுத்து. போடலன்னா ஒம் பொட்டி தெருவுல கெடக்கும், சொல்லிட்டன்."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நேர்ல போயிப் பாக்கணும்னு எழுதியிருக்குடா" என்றாள் விருத்தாம்பாள். "பாத்துட்டுச் சொல்றன்."

பார்க்கப் போனாள். கம்பெனி அனுப்பியிருந்த பாரத்தில் ஒரே ஒரு கேள்விதான்: 'நீங்கள் தனி ஆளா?' முதலில் தம்பி வீட்டிலேயே ஆரம்பித்தாள். அஞ்சலாட்சி அடுப்படியில் நின்றாள். அது கேஸ் அடுப்பு; அவளுடைய மாமியார், விருத்தாம்பாளைப் பெற்றவள், விறகுப் புகையிலேயே இருமி இருமிச் செத்தவள், அவளுடைய மகளுக்கும் சின்னதிலிருந்து இளைப்பு, புகை பட்டால் உதடு நீலமாகிவிடும். விருத்தாம்பாளுக்கு அது தெரியும். அந்த வீட்டுப் பதிவில் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாள்: 'பிள்ளைக்கு இளைப்பு, சிலிண்டர் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது.'

"நீ தனி ஆளா அஞ்சலாட்சி? ஆமான்னு சொன்னா ஒன் அடுப்பு நிக்கும். காலனியில பதினேழு அடுப்பு அவியும். ஒளிச்சுவெச்சுக் கேக்கல, பூராவும் சொல்லித்தான் கேக்கிறன்."

அஞ்சலாட்சி அடுப்பை அணைத்தாள். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தத் தலைவலி. நாற்பத்திரண்டு பொம்பளைகளும் ஒரே தலைக்குள் உட்கார்ந்துகொண்டு சண்டை போட்டார்கள். வெளியே ஒரு சத்தமில்லை. உள்ளே ஊர்க்காரி காலனிக்காரியைக் கேட்டாள், காலனிக்காரி ஊர்க்காரியைக் கேட்டாள், எம் பிள்ளைக்கு மூச்சு நின்னா நீ குடுப்பியா என்றாள் ஒருத்தி, எம் பிள்ளைக்கு மூச்சில்லையா என்றாள் ஒருத்தி, நாங்க கொடம் தூக்கிக்கிட்டு வந்தப்ப ஒங் கெணத்துல தண்ணி மொண்டு ஊத்தினியே எட்ட நின்னு, அத மறக்கச் சொல்றியா என்றாள் ஒருத்தி, நானும் பயந்துகிட்டுதாண்டி ஊத்தினன் என்றாள் ஒருத்தி. மூன்று நாள். நாற்பத்திரண்டு வீட்டில் உலை வைக்கவில்லை, கொட்டகையில் ஒரு கொட்டை உடையவில்லை. ஆம்பளைகள் ஈரத்துணியைப் பிழிந்து பெண்டாட்டி நெற்றியில் போட்டுவிட்டு, என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். விருத்தாம்பாள் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அஞ்சலாட்சியின் கால்மாட்டிலேயே இருந்தாள்.

நாலாம் நாள் விடிகாலை வலி நின்றது. மழை நிற்கிற மாதிரி, எல்லா ஓட்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் நின்றது. அஞ்சலாட்சி எழுந்து முகம் கழுவி, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள்.

"எழுதிக்குங்க அண்ணி. தனி ஆள் இல்ல."

"நல்லா யோசிச்சியா?"

"நாப்பத்திரெண்டு பேரு யோசிச்சிருக்கன். எழுதிக்குங்க."

விருத்தாம்பாள் விடவில்லை. எல்லா வீட்டுக்கும் போனாள், ஊரில் இருபத்தைந்து, காலனியில் பதினேழு. ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி, ஒவ்வொரு வாசலிலும் அதே பதில். கடைசி வீடு செங்கேணியுடையது. "நீங்க வேற இத வந்து கேக்கணுமா நோட்டம்மா" என்று செங்கேணி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். விருத்தாம்பாள் அந்த வீட்டுக்கு வருஷத்துக்கு நாலு தடவை வந்திருக்கிறாள், பதினோரு வருஷத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவர்கள் கொடுத்ததுமில்லை, இவள் கேட்டதுமில்லை. அன்றைக்கு நின்ற வாக்கில் சொம்பை வாய் வைத்துக் குடித்துவிட்டு, நேரே ஏஜென்சிக்கு நடந்தாள்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து நாற்பத்தொரு பதிவையும் ஒவ்வொன்றாய் அழித்தாள். மிச்சமிருந்த ஒன்றைத் திறந்தாள். பேர்: செங்கேணி. பதிந்த நேரம்: வெள்ளிக்கிழமை, பத்து முப்பத்தெட்டு, அதில் கை வைக்கவில்லை. விலாசம் என்ற கட்டத்தில் காலனியில் ஆரம்பித்து, ஓடையைத் தாண்டி, கிழக்குத் தெரு, நடுத்தெரு, கோயில் தெரு என்று நாற்பத்திரண்டு கதவு நம்பரையும் ஒரே மூச்சில் அடித்தாள். அந்தப் பொம்பளைகள் அடுப்புக்கு வழி பார்க்கிற மும்முரத்தில் இருந்ததால், போன் நம்பர் என்ற இடத்தில் தன் நம்பரைப் போட்டாள். கீழே 'பதிவாளர் நேரில் பார்த்தது' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினாள்: 'ஒரே ஆள். நேரில் பார்த்தேன்.'

அமுக்கினாள்.

தேவநாதன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க! ஊரே என்ன கொளுத்திடும். எழுந்திரு. இந்தச் சேர்ல இனிமே நீ உக்காரக் கூடாது."

"சரிங்க" என்று எழுந்து சேலையை உதறிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போகிறதுக்குள் சேதி முந்திக்கொண்டது. டிரங்குப் பெட்டி தெருவில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, இரண்டு சேலை மண்ணில். அவள் குனிந்து பொறுக்கும்போதே காலனியிலிருந்து செங்கேணி வந்து பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஊர்த் தெருவில், பட்டப்பகலில், செருப்போடு.

"எங்க வூட்ல எடமிருக்குது. வாங்க."

"நீங்க வாங்கன்னு இனிமே கூப்பிடாத செங்கேணி."

"சரி, வா."

அடுத்த நாள் முனியப்பன் லாரியைக் கொண்டுவந்து நாற்பத்தொரு வீட்டுச் சிலிண்டரையும் கழற்றி ஏற்றிக்கொண்டான். அழாத குறையாய் ஏற்றினான். புது ரசீதுப்படி இறக்கவேண்டியது ஒன்றே ஒன்று. அதைத் தோளில் வைத்துக்கொண்டு, "விலாசம் நாப்பத்திரெண்டு இருக்குதே, நா எங்கன்னு எறக்குறது?" என்று ஓடைப் பாலத்தின் மேல் நின்றான்.

"நீ நிக்கிற எடத்துலதான்" என்றாள் அஞ்சலாட்சி.

அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊர் முடிகிறது, அந்தப் பக்கம் காலனி ஆரம்பிக்கிறது; பாலத்தின் மேல் யாரும் நின்று பேசுகிற வழக்கமில்லை. அங்கே நாலு கல்லை அணைகட்டி, கல்யாண வீட்டு அடுப்பு ஒன்றை வைத்து, நாற்பத்திரண்டு வீட்டு அரிசியையும் ஒரே அண்டாவில் கொட்டி உலை வைத்தார்கள். ஒரு ஆளுக்கு எத்தனை அடுப்பு வேண்டும்?

முதல் நாள் மத்தியானமே காலனிச் சனம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக் கூட இறக்காமல் ஓடிவந்தன. இளைப்புக்காரப் பெண்ணும் அதில் இருந்தாள், புகையில்லாத அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டாள். ஊர் ஆம்பளைகள் ஓட்டலில் பரோட்டா தின்றார்கள். இரண்டாம் நாள் கிழடுகள் வந்தன, பரோட்டா பல்லுக்கு ஆகாது என்று. குடித்துவிட்டு அறைந்தானே, அந்தக் கிழக்குத் தெருக்காரன், அவன் ஊர்ப் புருஷன்களில் முதலாய் வந்து கடைசியில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே தின்றான். மூன்றாம் நாள் ஓட்டல்காரரே கடையைச் சாத்திவிட்டு வந்து பாலத்தில் உட்கார்ந்தார், வியாபாரமில்லை என்றார். ஒரே பந்தி. எட்ட உட்கார இடமில்லை, பாலம் அவ்வளவுதான் அகலம்.

கொளஞ்சியப்பன் மட்டும் பாலத்துக்கு ஊர்ப்பக்க முனையில் வீட்டிலிருந்து எடுத்துவந்த எவர்சில்வர் தட்டோடு நின்றான்.

"ஏய், இதுல போட்டுக் குடு. வூட்டுக்குக் கொண்டுபோறன்."

"வூட்டுக்குக் குடுக்கறதில்ல" என்றாள் அஞ்சலாட்சி, சோற்றைக் கிளறிக்கொண்டே. "வூட்டுல ஆள் இல்லன்னு பதிவாயிட்டுது. ஒக்காந்து தின்னா சோறு."

"பொண்டாட்டியாடி நீ?"

"கம்ப்யூட்டர்ல பாத்துக்க."

பந்தியில் சிரிப்பு ஓடியது, ஓடையின் இரண்டு கரைக்கும். செங்கேணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் தட்டு வெயிலில் மின்னியது. போகவும் இல்லை அவன்.

அன்றைக்குச் சோறு வெந்து இறக்கினதுமே சிலிண்டர் தீர்ந்து போய், விருத்தாம்பாள் அடுத்ததுக்குப் போனில் புக் பண்ணியிருந்தாள். இப்போது அவள் இடுப்பில் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து, பட்டணத்துக் குரல்.

"வணக்கம், செங்கேணிங்களா?"

விருத்தாம்பாள் வாயைத் திறந்தாள். பதினோரு வருஷமாய்ப் போய்ப் பார்க்காமல் ஒரு எழுத்து எழுதாதவள், இல்லாததை இருக்கிறதென்று ஒரு நாளும் சொல்லாதவள். எதிரே செங்கேணி அண்டாவை வழித்துக்கொண்டிருந்தாள், அஞ்சலாட்சி தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனாள், பக்கத்துத் தட்டின் சூடு இவள் முழங்காலில் பட்டது. சொல்லப்போவது பொய்யா என்று நன்றாய் யோசித்தாள். பொய்யாயில்லை.

"ஆமாங்க. சொல்லுங்க."

"மேடம், மூணே நாள்ல சிலிண்டர் தீந்துட்டதா புக் பண்ணியிருக்கீங்க. ஒரே கனெக்ஷன், எப்படித் தீரும்? உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேர்னு பதிவுல அப்டேட் பண்ணணும்."

அவள் பந்தியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரலை நீட்டி எண்ணினாள்.

"நூத்தி அறுவத்திமூணு."

போனில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "மேடம்... அந்தக் கட்டத்துல ரெண்டு இலக்கம்தான் போட முடியும்."

"அப்ப கட்டத்தப் பெருசு பண்ணுங்க சார்" என்றாள் விருத்தாம்பாள். "நீங்க பண்றதுக்குள்ள நானும் எண்ணி முடிச்சிடறன். இங்க ஒருத்தர் இன்னும் நின்னுகிட்டிருக்காரு."